தம்பி பிழைத்த கதையைச் சொல்கிறவர்கள்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று கேள்விப்பட்டால், தயவுசெய்து உங்கள் வீட்டிலேயே இருங்கள். பிஸ்கட் வேண்டாம். தோடம்பழம் வேண்டாம். வாசலில் நின்று உச்சுக்கொட்டவும் வேண்டாம். நம் வயதில் ஆளுக்கொரு நோய் இருக்கிறது. அவரவர் தங்கள் தங்கள் நோயைப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிப் பேசுவதால் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தத் திமிர் எனக்குப் பத்து வயதில் வந்தது, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரு மழைக்காலத்தில்.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் அதில் நனைந்து வளர்ந்தவர்கள்தான். தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் நடக்கிற சண்டைகூடக் கேட்காது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்வந்தவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குகள் அடுப்புக்கு மேலே தொங்கும், காயாது, புளித்த வாடை மட்டும் அடிக்கும். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற இஸ்டோரில் வேலை. எனக்குக் கீழே ஒரு தம்பி, அப்போது ஐந்து வயது. ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்து அறைகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது.

லயத்துக்கு மேலே, பாதையோரத்தில், தனி வீட்டில் பெரியப்பா இருந்தார். அப்பாவின் அண்ணன், தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சத்தம் போடுகிற உத்தியோகம். சத்தம் போட்டே பழகியவருக்கு வீட்டிலும் கோயிலிலும்கூடக் குரலைத் தணிக்கத் தெரியவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், தோட்டத்து மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பெரியப்பா மட்டும் அது போதாதென்று டவுனில் ஒரு சின்ன ஜெபக்கூட்டத்தில் சேர்ந்திருந்தார். அங்கே அவரை 'பிரதர்' என்று கூப்பிட்டார்கள். தோட்டத்துத் துரை அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் செய்வார் என்பது இப்போது புரிகிறது. அப்போதே புரிந்திருந்தால் பயந்திருப்பேன்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனின் அண்ணன் அல்லவா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பாள். பதிலெல்லாம் என் வழியாகத்தான் போகும். "பெரியப்பாகிட்ட சொல்லு, அப்பா இன்னும் வரலேன்னு." பெரியப்பா கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். நான் திரும்பி, "அப்பா இன்னும் வரலியாம்" என்பேன். அவரும் அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் தலையாட்டுவார். எங்கள் குடும்பத்தில் மரியாதை என்றால் இதுதான்.

முதலில் தம்பியின் காலில் நீலம் கண்டது. பிறகு தொடையில், அப்புறம் முதுகில். எங்கும் விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயா அதைக் கண்டு பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுத் தோட்டத்துக்கே சொன்னாள்.

"மாட்ட அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கா. பெத்தவளா அவ?"

அப்பா அம்மாவைக் கேட்டார். தான் கை வைக்கவில்லை என்றாள் அம்மா. அப்பா என்னைக் கேட்டார். அம்மா அடிக்கவில்லை என்று நானும் சொன்னேன். எங்கள் இருவரையும் அவர் நம்பவில்லை. அண்ணி சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு. ஒருநாள் மலையிலிருந்து நனைந்து வந்த அம்மாவை, பிள்ளையை அடித்ததற்காக, அடித்தார். தம்பி கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலில் அன்று புதிதாக இன்னொரு நீலம் வந்திருந்தது.

தோட்டத்து மருந்துக்காரரிடம் தூக்கிப் போனார்கள். அவர் தம்பியைத் தொடாமலே, "பூச்சி" என்றார். பூச்சி மருந்து தந்தார். காய்ச்சலோடு மறுபடி போனபோதும் பூச்சிதான். உதடு வெளுத்து, நிற்கவும் முடியாமல் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, "இது பழைய பூச்சி" என்றார். அப்படி ஒரு பூச்சி இருந்திருந்தால், அது தம்பியைத் தின்று முடித்துவிட்டு மருந்துக்காரரையும் தின்றிருக்க வேண்டும். அந்த நல்லது நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை நடந்துகொண்டிருக்கும்போது தம்பிக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் பொத்தினாள். நிற்கவில்லை. வெள்ளையில் சின்னச் சின்ன நீலப்பூப் போட்ட சேலை அது, அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை. மடியெல்லாம் சிவந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் பூசை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பாதியில் எழுந்தால் பாவமாம். அப்பாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்கும் கொண்டுபோனார்கள். ஹட்டனுக்கு அப்பால் போயிராத அம்மா, இரத்தச் சேலையோடு கொழும்புக்குப் போனாள்.

சில நாள் கழித்து அப்பா மட்டும் திரும்பி வந்தார். பெரியப்பா வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து, நர்ஸ் சொன்ன சிங்களச் சொல்லை அப்படியே சொன்னார். "லே பிளிக்காவாம்."

"ரத்தத்துல புத்துநோயா?" பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடித்து முடித்த கையோடு, "அவ அடிச்சதுல வந்திருக்குமோ?" என்றும் கேட்டாள்.

அப்பா அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அம்மாவின் கன்னத்தில் கைவைத்த மனிதர் அவர். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு அப்பா வேலைக்கும் கொழும்புக்குமாக அலைந்தார். பெரியம்மா எனக்கென்று ஒரு தகரக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தாள். அடுப்படி மூலையில் பாய் போட்டாள். நோய் ஒட்டுமாம். தொட்டால் ஒட்டும், சேர்ந்து தின்றால் ஒட்டும், ஒரே சீப்பில் வாரினால் நிச்சயம் ஒட்டும். இந்த நோய் வந்தால் முடி கொட்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு, காலையில் என் தலையைப் பிடித்துச் சோதிப்பாள். யாருக்கும் நாலு முடி உதிரத்தான் செய்யும். நான் பயந்துபோய், உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பேன். திருவிழாவில் அம்மா வாங்கித் தந்த மஞ்சள் சீப்பை ஒருநாள் பெரியம்மா விறகுக் கட்டை நுனியால் தள்ளிக்கொண்டு போய்த் தேயிலைச் செடிகளுக்குள் எறிந்தாள். பள்ளிவிட்டு வந்து செடி செடியாகத் தேடினேன். கிடைக்கவில்லை. இதே பெரியம்மாதான் ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று, அனாதைப் பிள்ளையை வைத்துப் பார்க்கிற பாக்கியத்தைத் தனக்குத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். என் அப்பாவும் அம்மாவும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள்.

அம்மாவும் தம்பியும் திரும்பி வந்த அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய தம்பியை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் ஒரு முடி இல்லை. முகம் மட்டும் பூசணிக்காய்போல் உருண்டு, கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. லயமே கூடிவிட்டது.

"அடேயப்பா, புள்ள எப்படித் தேறி வந்திருக்கான் பாருங்க! கன்னத்தப் பாருங்க!"

"அது மருந்துல வந்த வீக்கங்க" என்றாள் அம்மா.

யாரும் கேட்கவில்லை. கன்னத்தைக் கிள்ளினார்கள். மெலிந்தால் நோய், பருத்தால் சுகம். நம்மவர்களின் வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான். மருந்து அவனுக்கு அகோரப் பசியையும் தந்திருந்தது. எழுந்ததும் ரொட்டி கேட்பான். தின்றதும் மறுபடி ரொட்டி கேட்பான். தேங்காய்ச் சம்பல் இல்லாவிட்டால் வெறும் ரொட்டி. அதையும் சுகத்தின் அடையாளம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு அட்டென்டன் டொக்டர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்திருந்தார். அம்மா அதைச் சொல் மாறாமல் வீட்டில் சொன்னாள். "ரத்தம் இப்ப சுத்தமா இருக்காம். ஆனா மருந்த நிப்பாட்டக் கூடாதாம், ரெண்டு வருசத்துக்கு மேல குடுக்கணுமாம். நிப்பாட்டுனா திரும்ப வருமாம். திரும்ப வந்தா அவங்க கையில இல்லியாம்."

அப்பா அதில் முதல் வாக்கியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினார். "அண்ணே, ரத்தம் சுத்தமாயிருச்சாம்!"

பெரியப்பா அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். நடித்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு இருந்திருக்காது. தான் ஜெபித்ததால்தான் பிள்ளை பிழைத்தான் என்று அவர் மனசார நம்பினார். அந்த வாரமே டவுன் கூட்டத்தில் சாட்சி சொன்னார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டுவலிக்காரர்களும் பிள்ளையில்லாதவர்களும் ஜெபம் கேட்டு வரத் தொடங்கினார்கள். பெரட்டுக் களத்தில் முணுமுணுத்துக்கொண்டு நின்றவர்கள் இப்போது அவர் முன்னால் தலையைக் குனிந்தார்கள். மனிதர் வெள்ளைச் சட்டைக்கு மாறினார்.

சாட்சிக்குரிய பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒரு அத்தையை மறக்கவே முடியாது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, வேறு தோட்டத்துக்காரி. கொண்டுவந்த மாரி பிஸ்கட்டை அவளே பிரித்தாள். அம்மா கொடுத்த தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டே, தன் கொழுந்தன் வழியில் இதே நோயில் செத்துப்போன ஒரு பிள்ளையின் கதையைச் சொன்னாள். எங்கெங்கே இரத்தம் வந்தது, எப்படிக் கத்தினான், பெட்டி எவ்வளவு சின்னதாக இருந்தது, பெட்டிக்கு என்ன நிறம் அடித்தார்கள், ஒன்று விடவில்லை. தம்பி அவள் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த பெட்டி பிஸ்கட் பெட்டிதான்.

"எனக்கும் அந்தப் பெட்டிய தாங்க" என்றான்.

அத்தை ஓவென்று கதறிவிட்டாள். கதறிய வாயாலேயே மிச்ச பிஸ்கட்டையும் முடித்துவிட்டுப் போனாள். என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறவர்கள், அந்த அத்தைக்கு எதிரே ஒருதரம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

அம்மா மறுபடி மலைக்குப் போக வேண்டியிருந்தது. பகலில் தம்பியைப் பெரியம்மாவிடம் விட்டாள். மாத்திரைகளைக் கடதாசி உறைகளோடு ஒரு பால்மா டின்னில் போட்டு, மதியம் எதைக் கொடுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். பெரியம்மா இனிமையாகத் தலையாட்டினாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிட்டது. பெரியப்பா வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தேன். பெரியம்மா தண்ணீர் வடிகிற கானோரம் நின்று, உள்ளங்கையிலிருந்த மஞ்சள் மாத்திரைகளைத் தண்ணீரில் உதறிக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் செம்மண்ணாக நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்தாள்.

"என்னா பாக்குற? பெரியப்பா சொல்லித்தான் போடுறேன். ஆண்டவர் சுகமாக்குன ஒடம்புக்குள்ள இந்த நஞ்சு எதுக்கு? ஒங்கம்மாகிட்ட போயி சொன்ன, இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கெடையாது."

சோறு கிடையாது என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது வாயை மூடிக்கொள்ளும் என்று நினைத்தாள். அவள் சமையலை அவளே அவ்வளவு மெச்சிக்கொண்டாள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பாதையில் போய் நின்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா முதுகில் கூடையோடு அப்படியே பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா?"

"தெரியலம்மா. இன்னைக்குத்தான் பாத்தேன்."

கூட வந்த பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மழை அவள் தலையில் போட்டிருந்த சாக்கில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அழவில்லை, பெரியம்மாவோடு சண்டைக்கும் போகவில்லை. அன்றிலிருந்து டின்னை முந்தானையில் முடிந்து மலைக்கே கொண்டுபோனாள். தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டாள். மதியம் எல்லோரும் ரொட்டியைப் பிரிக்கும்போது, மலையிலிருந்து இறங்கி ஓடிவந்து மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி ஏறி ஓடினாள். வாயில் எந்த நேரமும் ஜெபமாலை முணுமுணுப்பு இருக்கும். அவளும் ஜெபித்தாள், நினைவிருக்கட்டும். ஆனால் மாத்திரையை விழுங்க வைத்த பிறகு ஜெபித்தாள்.

அடுத்த ஊசிக்குக் கொழும்பு போகிற நாள் வந்தது. திங்கட்கிழமை காலை கிளினிக். பெரியப்பா அதற்கு முந்தின ஞாயிறு பின்னேரத்தைப் பார்த்துத்தான் தன் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். டவுனிலிருந்து போதகர் வருகிறார், ஆட்டுக்கறிச் சோறு உண்டு, கூட்டம் முடிந்து யாரும் கொழும்புக்கும் போகத் தேவையில்லை, சுகமான பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா காம்பராவுக்கு வந்து அம்மாவிடம் கையை நீட்டினார்.

"அந்த டின்ன குடு. அண்ணே கேட்டாங்க."

"எதுக்குங்க?"

"காட்டிட்டுத் தருவாங்க. குடு புள்ள."

அம்மா கொடுத்தாள். ஏன் கொடுத்தாய் என்று பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன். "புருசன் கேட்டா குடுக்கத்தானேடி வேணும்" என்றாள். அவள்மேல்கூட எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்த இடம் அதுதான்.

பெரியப்பா வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. ஈரச் செருப்பும் நனைந்த குடைகளும் கொதிக்கிற கறியும் கலந்த வாடை. பாடினார்கள், கைதட்டினார்கள். போதகர் டையைச் சரிசெய்துகொண்டு குசினிப் பக்கம் அடிக்கடி பார்த்தார். பெரியப்பா தம்பியைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். முடியில்லாத அந்தத் தலை விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. பக்கத்தில் கரியடுப்பு ஒன்றை நெருப்போடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெரியப்பா டின்னை உயர்த்திப் பிடித்தார். பெரட்டுக் களக் குரலில் தொடங்கினார்.

"இது டொக்டர்மார் குடுத்தது! இதுவா நம்ம புள்ளைய சுகமாக்குச்சு? இல்ல! இந்தக் கன்னத்தப் பாருங்க! ஆண்டவர் குடுத்த கன்னம்! இன்னைக்கு நாங்க இத நெருப்புல போட்டு நம்ம விசுவாசத்தக் காட்டப்போறோம். மகன், நீயே சொல்லு. ஒனக்கு என்னா வேணும்?"

"ரொட்டி" என்றான் தம்பி.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா முறைத்தார்.

"அதில்ல மகன். ஒனக்கு மருந்து வேணுமா, ஆண்டவர் வேணுமா?"

தம்பி யோசித்தான். "ரொட்டி தந்தாத்தான் சொல்லுவேன்."

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். பெரியப்பா அவனை விட்டுவிட்டு டின் மூடியைத் திருகத் தொடங்கினார். அம்மா வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் முக்காட்டோடு நின்றாள். என் தோளைப் பிடித்தாள்.

"பெரியப்பாகிட்ட சொல்லு, டின்ன தரச் சொல்லி."

நான் உரக்கச் சொன்னேன். "பெரியப்பா, டின்ன தரணுமாம்."

"ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் பெரியப்பா, என் பக்கம் திரும்பாமல். "விசுவாசம் இல்லாதவங்களுக்கு இங்க பேச்சு இல்லேன்னு சொல்லு."

சொல்வதற்காகத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் அம்மா இல்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி அறையின் நடுவுக்கு வந்துவிட்டிருந்தாள். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது.

"டின்ன குடுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து. என் நினைவில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பெரியப்பா அவளிடம் பேசவில்லை. பந்திக்காகச் சோற்றுப் பேசின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து, "டேய், ஒம் பொண்டாட்டிய வெளிய கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

அப்பா சோற்றுப் பேசினோடு அங்கேயே நின்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அவரு என்னைய அடிச்சாரு, வாங்கிக்கிட்டேன். நீங்க எம்புள்ளைய கொல்றத நான் வாங்கிக்க மாட்டேன். ஒங்க பொண்டாட்டி கான்ல போட்டது போதும். குடுங்க."

அவள் கையை நீட்டி டின்னை எடுத்தாள். பெரியப்பா பிடித்து இழுக்கவில்லை. குனிந்த தலைகளையே பார்த்துப் பழகியவர். நிமிர்ந்த ஒன்று எதிரே வந்ததும் கைவிரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. போதகர் உடனே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டால் எதையும் பார்த்ததாகாது அல்லவா. மற்றவர்களும் கண்களை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு பேர் நிறைந்த அறையில், ஒரு தாய் தன் பிள்ளையை மேசையிலிருந்து இறக்கி இடுப்பில் வைப்பதைக் கண் திறந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"நீயும் வா" என்றாள் என்னிடம்.

மழையில் இறங்கினோம். பின்னால் யாரும் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. கடைசி பஸ் போய்விட்டிருந்தது. தம்பியின் மொட்டைத் தலையில் காம்பராவில் போய் எடுத்துவந்த என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் பிடித்தபடி ரோட்டில் நடந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு லொறி பக்கத்தில் வந்து நின்றது. டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவருடையது. தோட்டத்து லீக்ஸும் கோவாவுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமைச் சந்தைக்குக் கொழும்பு போகிறவர்.

"எங்க தங்கச்சி, இந்த மழைல புள்ளயத் தூக்கிக்கிட்டு?"

"கொழும்பு ஆஸ்பத்திரிக்குங்க. காலையில ஊசி."

அவர் தம்பியின் தலையைப் பார்த்தார். என்ன நோய் என்று கேட்கவில்லை. உச்சுக்கொட்டவில்லை. தன் சொந்தத்தில் யாரும் செத்த கதை சொல்லவில்லை. முன் சீட்டிலிருந்த சாமான்களைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"புள்ளக்கி வாந்தி வருமா?"

"வருங்க."

ஒரு சொப்பிங் பேக்கை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அந்த மழைக்காலம் முழுவதிலும் தம்பியைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். கினிகத்தேனை வளைவுகளில் தம்பி வாந்தி எடுத்தான். பொல்பிட்டியப் பக்கம் வந்தபோது காற்று சூடாகிவிட்டது. குளிரில்லாத காற்றை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை. ஏதோ வேறு நாட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் நோனா மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, கணக்குக்குக் குறைகிறது என்று அம்மாவை ஏசினார். எனக்குச் சிங்களம் அரைகுறையாகத்தான் விளங்கும். ஆனால் ஏச்சு எந்த மொழியிலும் விளங்கும். அம்மா கைகட்டி நின்றாள். பெரியம்மா கானில் போட்டாள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா கதை நீளும். ஊசி போட நேரமாகும்" என்றாள்.

தம்பிக்கு முதுகில் ஊசி போட்டபோது அவன் அலறியது தாழ்வாரம்வரை கேட்டது. அங்கே அவனைப்போல் நிறைய மொட்டைத் தலைகள் இருந்தன. எல்லாமே உருண்ட முகங்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் கண்டிருந்தால், சுகமானவர்களை ஏன் இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள்.

அப்பா சில நாள் கழித்து வந்தார். வாசல் மரத்தடியில் நின்று, "உள்ள வரலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். "வாங்க" என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. அதன் பிறகு மருந்து முடியும்வரை ஒவ்வொரு கிளினிக்குக்கும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்பாதான். அண்ணன் வீட்டுப் படியை அவர் மறுபடி மிதிக்கவில்லை. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். பாதிதான் மன்னித்திருக்கிறேன். மற்றப் பாதி அந்தச் சோற்றுப் பேசினோடு வாசலிலேயே நிற்கிறது.

பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? தம்பி செத்தால் அது அம்மாவின் அவிசுவாசத்தால் என்று தோட்டமெங்கும் சொல்லி வைத்தார். சாகவில்லை என்றானதும், அந்த ஞாயிறு தான் செய்த ஜெபத்தால் என்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்குத்தான் வெற்றி. பிற்காலத்தில் அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. ஜெபத்துக்குக் காத்திருக்கவில்லை. அன்றே வாகனம் பிடித்துக் கண்டிக்குப் போய் வயிற்றைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தார். டொக்டர் கொடுத்த மாத்திரை எதுவும் கானுக்குள் போகவில்லை என்று கேள்வி.

தம்பி பிழைத்தான். மறுபடி முளைத்த முடி இப்போது நரைக்கவும் தொடங்கிவிட்டது. தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகள், ஒரு தொப்பை. இந்தத் தொப்பை மருந்தால் வந்ததல்ல. பெரியப்பா செத்த பிறகு, அந்த ஜெபக்கூட்டத்தில் அவர் இடத்துக்கு வந்திருக்கிறவனும் இவன்தான். ஆமாம், அதே கூட்டம். இப்போது அதற்குச் சீட்டுக் கூரை போட்ட கட்டடமும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன.

ஐந்து வயதில் நடந்ததில் அவனுக்கு நினைவிருப்பது மேசையும் பாட்டும் தலையில் வைத்த கைகளும்தான். ஊசிகள் நினைவில்லை. கிளினிக்குக்காக விடியுமுன் எழுந்த நாட்கள் நினைவில்லை. மறந்தது அவனுக்கு நல்லது. ஆனால் மறந்த இடத்தைச் சும்மா விட்டுவைத்திருக்கலாம்.

சென்ற வருடம் அவர்களுடைய ஸ்தோத்திரப் பண்டிகைக்கு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் நானும் போனேன். முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் அம்மாவை உட்கார வைத்தார்கள். தம்பி மைக்கைப் பிடித்தான். குரல் அப்படியே பெரியப்பா.

"டொக்டர்மார் கைவிட்டாங்க! மருந்து கைவிட்டுச்சு! அன்னைக்கு எங்க தாய், இதோ இங்க உக்காந்திருக்கிற எங்க தாய், விசுவாசத்தினால அந்த மாத்திரை டின்ன எடுத்து எரியிற நெருப்புல போட்டாங்க! அதனால நான் இன்னைக்கு உங்க முன்னுக்கு உசுரோட நிக்கிறேன்!"

கூட்டம் எழுந்து கைதட்டியது. அம்மாவும் தட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்து, அவளைக் கைப்பிடித்துப் படியிறக்கும்போதே கேட்டேன். "ஏம்மா, வெக்கமா இல்லியா? டின்ன நெருப்புல போட்டது நீயா? அவன் இவ்வளவு பேருக்கு முன்னால பொய் சொல்றான், நீ கைதட்டிக்கிட்டு உக்காந்திருக்க!"

அம்மா ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்து மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அவன் அஞ்சு வயசுல போயிருந்தா, இந்தப் பொய்ய சொல்ல எனக்குப் புள்ள ஏதுடி?" என்றாள். "சொல்லட்டும். நல்லா சத்தமாத்தான் சொல்றான்."